டவர் எட்டாத தீவு

“பொண்ணு கல்யாணத்துக்குக்கூடப் போகாம இங்க வந்து இருக்கீங்களே, மனசு கேக்குதா அக்கா?” என்று கேட்டாள் இந்திராணி. வேகவைத்த மரவள்ளிக்கிழங்கைத் தட்டில் வைத்துக்கொண்டேதான் கேட்டாள். செண்பகவல்லி திரும்பித் தனக்குப் பின்னால் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்த்தாள். ஓலைக் கொட்டகையில் அவளைத் தவிர யாருமில்லை. கடல் வற்றியிருக்கும் நேரத்தில் பவளத்திட்டு மேல் நடக்கலாம் என்று விடுதிக்காரர்கள் சொல்லியிருந்ததால், தங்க வந்தவர்கள் எல்லாரும் விடிந்ததுமே கிளம்பியிருந்தார்கள். அவளுடைய வீட்டுக்காரர் தெய்வநாயகமும் ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டு போயிருந்தார். விடுதியைப் பார்த்துக்கொள்கிற இந்திராணிக்குச் சொந்த ஊர் போர்ட் பிளேர், அப்பா அம்மா ராமநாதபுரத்துப் பக்கம். இந்தச் சின்னத் தீவில் தமிழில் பேச ஆள் கிடைத்ததே என்று வந்த நாளிலிருந்து செண்பகம் அவளோடு ஒட்டிக்கொண்டிருந்தாள். இந்திராணி தன்போக்கில் சொல்லிக்கொண்டு போனாள். நேற்று மதியம் ஆபீஸ் லேண்ட்லைன் போனுக்குப் பாப்பாதான் பேசியது, ரிஜிஸ்டர் ஆபீஸிலும் முடிந்துவிட்டது, சர்ச்சிலும் நல்லபடியாக நடந்தது, அப்பாவிடம் சொல்லிவிடுங்கள் என்றது, நீங்கள் இரண்டு பேரும் தண்ணீரில் இருந்தீர்கள், சார் முதலில் கரையேறி வந்ததும் சொன்னேன், சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார், பாவம். செண்பகம் கிழங்கை ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். “மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் வச்சுச் செஞ்சாங்க. எனக்கு அவ்வளவு தூரம் அலைய முடியாது” என்று சொன்னாள். சொன்னது தன் வாய்தான் என்பதை நம்ப முடியாமல் மறுபடியும் மென்றாள். கடல் தாண்டி, கப்பலேறி, அங்கிருந்து படகேறி வந்து உட்கார்ந்திருக்கிறவள் சொல்கிற பேச்சா இது. இந்திராணி அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு தேங்காய்த் துவையலை அவள் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

குடிசைக்குத் திரும்புகிற மணல் பாதையில் கால் எப்படி நடந்தது என்று செண்பகத்துக்குத் தெரியாது. மூங்கில் படியில் உட்கார்ந்த பிறகுதான், உள்ளங்கையில் இன்னும் கிழங்கின் பிசுபிசுப்பு இருப்பதைப் பார்த்தாள். வாய் எப்படி அத்தனை சீக்கிரம் அவர் பக்கம் சேர்ந்துகொண்டது. மனசுக்குச் செய்தி போய்ச் சேருமுன்பே வாய் குடும்ப மானத்தைத் தூக்கி நிறுத்திவிட்டது. மாப்பிள்ளை என்று வேறு சொன்னேனே, யார் மாப்பிள்ளை, ஆன்றோதானே, சர்ச் என்றாளே, ஆன்றோவாகத்தான் இருக்கும், ஆன்றோவாக இல்லாவிட்டால் அது இன்னும் மோசம், இல்லை, அவன்தான். பிருந்தா. பிருந்தாவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. நேற்று. இந்த வார்த்தைகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தாள், ஒன்றோடொன்று ஒட்டவில்லை. முந்தாநாள் காலையில் படகுத்துறையில் டவர் போவதற்கு முன்னால்கூடப் பேசினாளே. தொப்பியை மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள் அம்மா, அங்கே டவரே கிடைக்காது, நிம்மதியாக இருந்துவிட்டு வாருங்கள் என்றாளே. நிம்மதியாக என்கிற இடத்தில் குரல் கொஞ்சம் கம்மியதைப் பிள்ளை நம்மைப் பிரிந்து இருக்கிற ஏக்கம் என்று எடுத்துக்கொண்டேனே. கடலில் இறங்கச் சேலை சரிப்படாது என்று பெங்களூரிலிருந்து நீல நிறத்தில் சுடிதார் வாங்கி அனுப்பியவளும் அவள்தான். அளவு அப்படிப் பொருந்தியிருந்தது. கடையில் நின்று அந்தச் சுடிதாரை விரித்துப் பார்த்தபோது அவளுக்குத் தெரியும், இதை அம்மா போட்டுக்கொண்டு தண்ணீரில் நிற்கிற நேரத்தில் நான் மாலை போட்டுக்கொண்டு நிற்பேன் என்று. தெரிந்துதான் அளவு பார்த்திருக்கிறாள். யார் முதலில் சொன்னது? அவரா, அவளா? அம்மாவை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் அப்பா என்று அவள் சொன்னாளா, நான் உங்கம்மாவை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடுகிறேன், நீ இங்கே முடித்துக்கொள் என்று இவர் சொன்னாரா? எப்படித் திருப்பிப் போட்டாலும் நடுவில் அவள் ஒரு சாமான் மாதிரி கிடந்தாள். வெள்ளையடிக்கிறபோது பீரோவை நகர்த்தி முற்றத்தில் வைப்பார்களே, அது மாதிரி.

மில்லில் சூப்பர்வைசராக இருந்த மனுஷன். தறிச்சத்தத்திலேயே வாழ்ந்து பழகி, மின்விசிறி ஓசையில்லாமல் ஒரு ராத்திரி கண்ணசந்தது கிடையாது. கரண்டு போனால் தெருவுக்கு வந்து நின்றுவிடுவார். அப்படிப்பட்டவர் விசிறி இல்லாத, குழாய் இல்லாத, மழைத்தண்ணீரை வாளியில் மொண்டு குளிக்கிற, கக்கூஸில் தண்ணீருக்குப் பதில் தென்னை நார்த்தூளை அள்ளிப் போடுகிற ஒரு இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, செண்பகம், பூமிக்குப் பாரமில்லாமல் நாலு நாள் இருந்துவிட்டு வருவோம் என்று சொன்னபோது அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து குற்றாலமும் திருச்செந்தூரும் தவிர எங்கேயும் கூட்டிப்போகாதவர். ரிட்டயர் ஆனதும் மாறிவிட்டார் என்று எதிர்வீட்டு மாலதியிடம் சொல்லிப் பெருமைப்பட்டாளே. மாலதிக்குத் தெரியுமோ? கூடப்பிறந்த தம்பிக்குத் தெரியுமோ? தம்பி நேற்று அந்தச் சர்ச்சில் அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தானோ? தெரு முழுக்கத் தெரியுமோ? ஊருக்குள் பஸ்ஸை விட்டு இறங்குகிறபோது ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்துப் பார்த்து, உனக்குத் தெரியுமா, உனக்குத் தெரியுமா என்று தேடிக்கொண்டே வீடுவரைக்கும் நடக்க வேண்டியிருக்குமோ? வந்த அன்றைக்கு வாசலில் அவளுடைய சோப்பையும் ஷாம்பு பாக்கெட்டுகளையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள், இங்கே தண்ணீர் எல்லாம் வாழைக்குத்தான் போகிறது, மருந்துச் சாமான் மண்ணில் கலக்கக் கூடாது என்று விளக்கம் சொன்னார்கள். அவள் சந்தோஷமாகக் கொடுத்தாள். போனையும் அணைத்துப் பெட்டிக்குள் வைத்தாள். எதையெல்லாம் வாங்கிக்கொள்கிறார்கள் என்று தெரியாமலே ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

எதிரே கடல் வெகுதூரம் பின்வாங்கிப் போயிருந்தது. நேற்று இதே இடத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது, அதில்தான் அவர் அவளை மல்லாக்கப் படுக்கச் சொன்னார். முதுகுக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டார். விட்டுவிடுவீங்களோ என்று அவள் கேட்டதற்கு, விட மாட்டேன் என்றார். காது இரண்டும் தண்ணீருக்குள் போனதும் உலகத்துச் சத்தமெல்லாம் அடங்கி, தன் மூச்சு மட்டும் யாரோ பக்கத்தில் படுத்துத் தூங்குகிற மாதிரி கேட்டது. உடம்புக்குக் கனமே இல்லை. வயிறு, தொடை, பிருந்தாவைப் பெற்றபோது கிழித்துத் தைத்த வடு, மூட்டுவலி, எல்லாவற்றையும் தண்ணீர் வாங்கிக்கொண்டது. மேலே நீலத்தைத் தவிர வேறொன்றுமில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் கையை எடுத்துவிட்டார், அவளுக்குத் தெரியவேயில்லை, தானாக மிதந்தாள். கண்ணைத் திறந்து பார்த்தபோது அவர் கைகட்டி நின்று ஆபீஸ் குடிசைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சிரித்தாள். வயசை மறந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள், இங்கே பாருங்க, இங்கே பாருங்க என்று கூப்பிட்டாள். அந்த நேரத்தில்தான். அவள் வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் பிருந்தா கல்யாணம் முடிந்தது என்று போனில் சொல்லியிருக்கிறாள். சாப்பாட்டுக்கு அப்புறம் குடிசைக்குள் பாயில் பக்கத்தில் படுத்தார். புழுக்கத்தில் அவருக்கு வியர்த்து ஊற்றியது, ஆனால் முகம் தெளிந்து கிடந்தது. அவள் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு, “இன்னைக்கு மனசு நெறஞ்சு இருக்கு செண்பகம்” என்றார். அது அவள் மிதந்ததற்காக என்று நினைத்தாள். அவள் சந்தோஷம் அவருக்குத் தொற்றிக்கொண்டது என்று நினைத்தாள். ராத்திரி தூக்கம் வருகிறவரைக்கும் அந்த வார்த்தையைத் திருப்பித் திருப்பி ருசித்துக்கொண்டு கிடந்தாள். இப்போது அந்த வார்த்தையை எங்கே கொண்டுபோய் வைப்பது? கல்யாணத்தைக்கூட விடு. கல்யாணம் அவர்களுடையது, செய்துகொள்ளட்டும். அந்த மத்தியானம் தனக்கென்று கிடைத்தது என்று நம்பினாளே, அதையல்லவா அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அவளுடைய அப்பா செத்தபோதும் இப்படித்தான். அப்பாவுக்குக் கொஞ்சம் முடியவில்லை, பார்த்துவிட்டு வந்துவிடுவோம் என்று சொல்லி இவர் கார் பிடித்துக்கொண்டு வந்தார். காரில் போகிறவரைக்கும் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டியதைப் பேசிக்கொண்டு வந்தாள், மருந்து யார் வாங்குவது, ராத்திரி யார் துணைக்குப் படுப்பது என்று திட்டம் போட்டாள். ஆகட்டும், ஆகட்டும் என்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். தெருமுனையில் திரும்பியதும் பந்தல் தெரிந்தது, பெஞ்சில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். செத்தது முந்தின நாள். உனக்குப் பிரஷர் இருக்கு, அதிர்ச்சி தாங்க மாட்டாய் என்றார்கள். அன்றைக்கு அவளுக்கு வலித்தது அப்பா போனது மட்டுமில்லை. கார் முழுக்க உயிரோடிருக்கிற ஒருவருக்காகப் பேசிக்கொண்டு வந்தோமே, அதை அவர் கேட்டுக்கொண்டே வந்தாரே என்பதுதான். அதற்கப்புறம் வீட்டில் அது வழக்கமாகிவிட்டது. அவளிடம் சொல்லாதே, அவளுக்குப் பிரஷர். அவர் அம்மாவுக்குப் புற்று என்று டாக்டர் சொன்னது, மில்லை மூடப் போகிறார்கள் என்பது, பிருந்தா வேலையை விட்டு இரண்டு மாதம் சும்மா இருந்தது, எல்லாம் எல்லாருக்கும் தெரிந்து ஆறி அவலாகிப்போன பிறகுதான் அவள் தட்டுக்கு வந்தது. பிரஷர் மாத்திரை ஒன்றே ஒன்றுதான் சாப்பிடுகிறாள், அதுவும் காலையில் பாதி. அதைச் சாக்கு வைத்து அவளை ஒரு கண்ணாடிப் பாத்திரம் ஆக்கிவிட்டார்கள். இப்போது சாவைச் சொன்ன மாதிரியே கல்யாணத்தையும் சொல்லப் போகிறார்கள். ஊருக்குப் போகிற வழியில், மெதுவாக, மனசைத் தேற்றிக்கொள் என்று ஆரம்பித்து.

அவளுக்குத் தெரியாது என்று யார் சொன்னது? அவளுக்கு ஆன்றோவைத் தெரியும். பிருந்தா டெங்கு வந்து பெங்களூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இவள்தான் ஓடினாள். கூட வேலை பார்க்கிற பையன் என்று ஒருவன் தினமும் வந்தான், தூத்துக்குடிக்காரன், மெலிந்த உடம்பு, கஞ்சி வாங்கி வருவான், டாக்டர் எழுதிக் கொடுத்ததற்கு ஓடுவான். ரத்தத்தில் தட்டணு குறைந்துகொண்டே போன அன்றைக்கு, பிளாஸ்க்கைக் கழுவப் போனவள் லிஃப்ட் பக்கத்தில் அவனைப் பார்த்தாள். சுவரைப் பார்த்து நின்று, சட்டைக்கையை வாயில் திணித்துக்கொண்டு அழுதான். அப்போதே தெரிந்துபோனது. ஒருத்தருக்காக இப்படிச் சத்தம் வராமல் அழுகிறவன் யார் என்று ஒரு தாய்க்குச் சொல்லித் தர வேண்டுமா. அவள் சத்தம் காட்டாமல் திரும்பி வந்துவிட்டாள். ஊருக்குக் கிளம்புகிறபோது அவன் கையில் ஒரு டப்பா நிறையக் கடலைமிட்டாய் கொடுத்துவிட்டு வந்தாள். அந்த நாளிலிருந்து அவள் காத்திருந்தாள். மகள் வந்து சொல்வாள், அம்மா உங்களிடம் ஒன்று சொல்லணும் என்று ஆரம்பிப்பாள் என்று ஒவ்வொரு லீவுக்கும் காத்திருந்தாள். அரிசி களைகிறபோது, கோலம் போடுகிறபோது, தன் பங்கைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். முதலில் பேசாமல் இருக்க வேண்டும், உடனே சரி என்றால் நமக்கு மதிப்பில்லை. அப்புறம் அவன் வீட்டில் சம்மதமா என்று கேட்க வேண்டும். அப்புறம் அழுகை வரும், வரட்டும், அவர்கள் சாமி வேறு, நம் சாமி வேறு, பிறந்த பிள்ளைக்கு என்ன பேர் வைப்பார்கள் என்றெல்லாம் அழுகை வரத்தான் செய்யும். ஒரு வாரம் சாப்பாடு இறங்காது. அப்புறம் ஒரு நாள் காலையில் எழுந்து, சரி அந்தப் பையனை வரச் சொல் என்று சொல்ல வேண்டும். எல்லாம் தயாராக வைத்திருந்தாள். சமைத்து மூடி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தவளிடம், நாங்கள் வெளியே சாப்பிட்டுவிட்டோம் என்று சொல்வது மாதிரி ஆகிவிட்டது. அவள் மறுப்பாள் என்று அவர்களே தீர்மானித்து, அவளுக்குப் பதிலாக அவர்களே மறுத்து, அந்த மறுப்பைத் தாண்ட அவர்களே வழியும் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவளிடம் கேட்கிற வேலை மட்டும் பாக்கி. அதைத்தான் யாரும் செய்யவில்லை.

எழுந்தபோது கால் மரத்திருந்தது. ஆபீஸ் குடிசையில் இந்திராணி மீன் வந்த கூடைக்கு வாழையிலை அறுத்துக்கொண்டிருந்தாள். போன் பேச வேண்டும் என்றதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, நம்பர் கேட்டு அவளே போட்டுக் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள். மணி வெகுநேரம் அடித்தது. என்ன பேசுவது என்று செண்பகம் யோசிக்கவில்லை, யோசித்தால் பேச முடியாது. எடுத்த குரல் துள்ளிக்கொண்டு வந்தது.

“அப்பா! நானே பண்ணணும்னு இருந்தேன்ப்பா. அம்மா பக்கத்துல இல்லையே?”

செண்பகம் போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள். “அம்மாதான் பேசுதேன்” என்றாள்.

அந்தப் பக்கம் ஒரு மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள். “அம்மா” என்றாள் பிருந்தா, பிறகு மறுபடியும் “அம்மா” என்றாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. சின்னப் பிள்ளையிலிருந்து அந்தச் சத்தம் மாறவில்லை. கேட்க வேண்டியது எவ்வளவோ இருந்தது. ஏன் என்று கேட்கலாம், எப்போதிலிருந்து என்று கேட்கலாம், நான் உனக்கு என்ன செய்தேன் என்று கேட்கலாம். எதைத் தொட்டாலும் குரல் உடைந்துவிடும் போலிருந்தது. உடைந்தால், பார்த்தீர்களா, இதற்குத்தான் சொல்லவில்லை என்று அவர்களுக்கு ஆகிவிடும். அதனால் கைக்கு எட்டியதைக் கேட்டாள். என்ன சேலை கட்டினாய் என்றாள். உங்கள் அரக்குப் பட்டுதான், நீங்கள் கல்யாணத்துக்குக் கட்டினது, அப்பா எடுத்துக் கொடுத்தார், உங்களுடையது ஏதாவது ஒன்று உடம்பில் இருக்கணும் என்று எனக்கு இருந்தது அம்மா என்றாள் பிருந்தா. செண்பகம் பீரோவை நினைத்தாள். மேல் தட்டு, வேட்டித்துணிக்குள் சுற்றி வைத்தது, வசம்பு போட்டு வைத்தது. அவள் கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில் அவர் முக்காலி போட்டு ஏறி, திருடன் மாதிரி அதை எடுத்து, துணியை மறுபடியும் உப்பலாக மடித்து வைத்திருக்கிறார். அந்தச் சேலை லேசில் நிற்காது. வழுக்கும். தனியாகக் கட்ட முடியாது, கொசுவத்தை ஒருத்தர் கீழே உட்கார்ந்து பிடித்தால்தான் உண்டு.

“யாரு கட்டிவிட்டா?”

மறுபடியும் கேட்டாள். “யாரு கட்டிவிட்டா பிருந்தா?”

“ஆன்றோவோட அம்மா.”

அப்படியா என்றாள் செண்பகம். அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மாவும் அழுதிருப்பாள், அவளுக்கும் சாமி வேறுதான், அவளுக்கும் ஒரு வாரம் சாப்பாடு இறங்கியிருக்காது. ஆனாலும் அவளிடம் சொல்லி, அவள் அழுது முடிக்கிறவரைக்கும் பொறுத்திருந்து, கையைப் பிடித்துக் கூட்டிவந்திருக்கிறார்கள். அவள் தரையில் உட்கார்ந்து, என் மகள் காலடியில் என் சேலைக்குக் கொசுவம் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். இப்போது தூத்துக்குடியில் ஆன்றோ வீட்டில்தான் இருக்கிறேன் என்றாள் பிருந்தா. வருகிறேன், நேரில் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிப் போனை வைத்தாள் செண்பகம். வைத்த பிறகும் கையை அதன் மேலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு வெளியே வந்து, மதியப் படகில் இடம் இருக்குமா என்று இந்திராணியிடம் கேட்டாள். இருக்கும் அக்கா, இரண்டு பேருக்கும் சொல்லிவிடட்டுமா என்றாள் இந்திராணி. ஒருத்தருக்குப் போதும் என்றாள் செண்பகம்.

அப்போதுதான் பவளத்திட்டுக்குப் போனவர்கள் மணலில் ஏறி வந்தார்கள். எல்லாருக்கும் பின்னால் தெய்வநாயகம், வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கால் வரைக்கும் ஈரமாக, வெயிலில் முகம் கறுத்து. ஆபீஸ் வாசலில் அவளைக் கண்டதும் கையைத் தூக்கினார். கிட்டே வர வர அந்தக் கை தானாகக் கீழே இறங்கியது. அவள் முகத்தைப் பார்த்தார், திறந்து கிடந்த ஆபீஸைப் பார்த்தார், இந்திராணியைப் பார்த்தார். இந்திராணி வாழையிலைகளை அள்ளிக்கொண்டு அடுப்பங்கரைப் பக்கம் போனாள். அவர் ஈரக்காலில் ஒட்டிய மணலை மற்றக் காலால் தேய்த்துக்கொண்டே நின்றார். அவர் ஒரு பொய்யைத் தேடுகிறாரோ என்று ஒரு கணம் அவளுக்குப் பயமாக இருந்தது. தேடவில்லை.

“நீ அழுவியேன்னுதான் செண்பகம்” என்றார்.

“அழுதிருப்பேன்” என்றாள். குரல் அவள் நினைத்ததைவிட நிதானமாக வந்தது. “அழுதுட்டு, மூஞ்சியக் கழுவிட்டு வந்து நின்னிருப்பேன்.”

அவருக்கு வாய் அசைந்தது. நானும் அங்கே போகவில்லை, உனக்காக நானும் பார்க்காமல்தானே இருந்தேன் என்று சொல்ல வந்தார், பாதியில் அது அவருக்கே எப்படியோ பட்டிருக்க வேண்டும், நிறுத்திக்கொண்டார். அது நிஜம்தான். ஒரே மகள் கல்யாணத்தை அவரும் பார்க்கவில்லை. அதற்காக அவர்மேல் இரக்கம் வரும் போலிருந்தது, அதை அவள் வர விடவில்லை. இன்றைக்கு வேண்டாம். இத்தனை வருஷமும் யாருக்காவது இரக்கப்பட்டுத்தான் தனக்கு நேர்ந்தது இன்னதென்று தெரியாமலே போனது. மதியப் படகில் போகிறேன், தூத்துக்குடிக்குத்தான், நீங்கள் இருந்து வாருங்கள், இன்னும் இரண்டு நாளைக்கு இடம் சொல்லி வைத்திருக்கிறீர்களே என்று சொல்லிவிட்டு மணல் பாதையில் இறங்கினாள். பின்னால் அவர் செருப்புச் சத்தம் கொஞ்ச தூரம் வந்து நின்றது. நானும் வரட்டுமா என்று கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து கிளம்பு என்று சொல்லித்தான் அவருக்குப் பழக்கம், வரட்டுமா என்று கேட்டது இதுதான் முதல் தடவை. அவள் நின்றாள். திரும்பவில்லை. வெயில் உச்சந்தலையில் இறங்கியது, தூரத்தில் கடல் மறுபடியும் கரைப்பக்கம் வரத் தொடங்கியிருந்தது. படகுக்கு இன்னும் நேரமிருக்கிறது. யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.